மஞ்சப்பையில் சின்ன வெங்காயம்

"இன்னா காரியம் பண்ணி வெச்சிகீற மாமே? அத்தினியுமா வித்துட்ட?"

துலுக்கானம் தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்கரன் சமையலறை மூலையில் காலியாகக் கிடந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஆவடி ஃபேக்டரியில் ஒரே செக்‌ஷன், குவார்ட்டர்ஸிலும் பக்கத்துப் பக்கத்து வீடு.

முந்தாநாள் வரை அந்தக் கூடையில் நாலு கிலோ சின்ன வெங்காயம் இருந்தது. மழையில் விளைச்சல் அழுகிப்போய், மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கண்ணுக்கே தட்டுப்படாத நேரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் சௌம்யாவுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டாருக்கு வெங்காய சாம்பார்தான் என்று கஸ்தூரி முடிவு கட்டி, விலை ஏறுவதற்கு முன்பே வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தாள். பிறகு பூந்தமல்லியில் இருக்கும் தங்கை சுதா வீட்டுக்குப் புறப்பட்டாள். "வெங்காயத்தைப் பார்த்துக்குங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பாஸ்கரனும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்று அவர் போனில் இருந்தது. அதில் இப்போது பழைய சாமானைக் காணோம். ஊரே வெங்காயமும் தக்காளியும் விற்றுக்கொண்டிருந்தது. அவருக்கும் கை துறுதுறுத்தது. மகள் கல்யாணத்துக்கு அச்சடித்த பெரிய மஞ்சப்பை ஒன்றில் வெங்காயத்தைக் கொட்டினார். 'சௌம்யா - அஸ்வின்' என்ற எழுத்து பளிச்சென்று தெரிய போட்டோ எடுத்து, கிலோ நூற்றெண்பது என்று போட்டார்.

யாரோ ஒரு புண்ணியவான் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டார். பைக்கில் பார்சல்காரர் வந்து பையோடு எடுத்துப் போனார். வந்த பணத்தில் பாஸ்கரன், வீட்டிலேயே பாடுவதற்கு ஒரு கரோக்கி மைக் வாங்கிவிட்டார். கஸ்தூரி வருவதற்குள் விலை இறங்கிவிடும், கூடையை நிரப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

விலை இறங்கவில்லை. கஸ்தூரியிடமிருந்து போன்தான் வந்தது.

"நாளைக்குக் காலைலயே வரேன். அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் வெயில்ல காய வைங்க. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

"எத்த காய வெப்ப? மைக்கையா?" என்றார் துலுக்கானம்.

"கிண்டல் பண்ணாதய்யா. அம்பத்தூர், கொரட்டூர் எல்லாம் சுத்திட்டு வந்துட்டேன். ஒரு கடையிலயும் இல்ல."

"வித்த எடத்துலயே தேடிப் பாரு."

ஆப்பைத் திறந்தார். இருந்தது ஒரே ஒரு விளம்பரம். 'பொன்னியம்மா ஃப்ரெஷ். சின்ன வெங்காயம் நாலு கிலோ. கிலோ இருநூற்றைம்பது. போன் செய்ய வேண்டாம், மெசேஜ் மட்டும்.'

பாஸ்கரன் மெசேஜ் தட்டினார். "அம்மா, கொஞ்சம் குறைச்சுக் குடுங்கம்மா."

"குறையாது சார்" என்று உடனே பதில் வந்தது.

"உருக்கமா போடு மாமே. ஊட்டுக்காரம்மா கொடும தாங்கலன்னு எய்து. பொம்பளைங்க மனசு எறங்கும்" என்று யோசனை சொன்னார் துலுக்கானம்.

பாஸ்கரன் உருக்கமாகவே எழுதினார். "அம்மா, என் பொண்டாட்டி ஒரு ராட்சசி. நாளைக்கு வர்றா. வெங்காயம் இல்லேன்னா என்னை உரிச்சுடுவா. ஒரு உயிரைக் காப்பாத்துங்க."

இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. அந்தப் பக்கம் எதையோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது. கடைசியில் வந்தது: "கிலோ முந்நூறு."

"ஐயையோ! இப்பதானே இருநூத்தம்பதுன்னீங்க?"

"ராட்சசிகிட்டேருந்து காப்பாத்துறதுன்னா சும்மாவா சார்?"

"மனசாட்சியே இல்லாத பொம்பளையா கீதே!" என்று கொதித்தார் துலுக்கானம். பாஸ்கரனுக்குக் கொதிக்க நேரமில்லை. பணத்தை அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றார்.

பொழுது சாயும் நேரத்தில் பார்சல் வந்தது. "லேட்டாயிடுச்சு சார், பூந்தமல்லில ஒரே டிராஃபிக்" என்று சொல்லி நீட்டிவிட்டுப் பார்சல்காரர் கிளம்பினார். மேலே சுற்றியிருந்த கவரைப் பிரித்ததும் பாஸ்கரன் கண்கள் பிதுங்கின. மஞ்சப்பை. 'சௌம்யா - அஸ்வின்'.

"அடப்பாவிங்களா! இது நான் வித்த வெங்காயம்யா!"

"உங்கிட்ட வாங்கி உனுக்கே வித்துகீறாங்க. பையக் கூட மாத்தல மாமே!" துலுக்கானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பாஸ்கரனும் சிரித்துவிட்டார். பணம் போனால் போகிறது, தலை தப்பியதே! வெங்காயத்தைக் கூடையில் கொட்டிப் பரப்பி வைத்தார்.

மறுநாள் காலையில் கஸ்தூரி வந்தாள். கையில் புத்தம் புதிய இரும்புத் தோசைக்கல் இருந்தது. அது ஏது என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்க பாஸ்கரன் விரும்பவில்லை. அவள் நேராகக் கூடையிடம் போனாள். ஒரு வெங்காயத்தை எடுத்துப் பார்த்தாள். "பரவாயில்லையே, சொன்னபடி பார்த்துக்கிட்டீங்க" என்றாள். பாஸ்கரனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை என்று சொல்லி அன்றைக்கே கொஞ்சம் வெங்காய சாம்பார் வைத்தாள். மணம் வாசல்வரை வந்தது. பாஸ்கரன் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"அமிர்தம்! அமிர்தம்!"

"இருக்காதா பின்னே?" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள் கஸ்தூரி. "கிலோ முந்நூறு ரூபா வெங்காயம். வச்சதும் ராட்சசி."