இரண்டு இறாத்தல் காற்று

“பத்தரை இறாத்தல்” என்று காற்றுமானியைப் பார்த்துப் பந்தின் காற்றழுத்தத்தை அறிவித்தார் நடுவர். ஆறு பந்துகளும் அவ்வாறே இருந்தன. பன்னிரண்டரைக்குக் குறையலாகாது என்பது விதி; மெலிந்த பந்து கைப்பிடிக்கு எளிது.

மிச்சம் என்னும் ஆங்கில ஊரின் திடலில் அன்று அமெரிக்கக் கால்பந்து. பெயரிலேதான் கால், ஆட்டமெல்லாம் கையில். நீள்முட்டைப் பந்தைக் குறிபார்த்து எறியும் குவாட்டர்பேக், அணித்தலைவன் பிரியந்தன். அன்று அவன் எறிந்த இருபதில் பதினேழு குறி தப்பவில்லை. வென்ற மகிழ்ச்சி கால்மணி நேரமும் நிலைக்கவில்லை. வெற்றி பறிக்கப்பட்டது.

காலையில் நடுவர் சோதித்துக் கொடுத்த பந்துகள், பின்னர் ஒருவர் பொறுப்பிலேயே இருந்தன. அவர் தவராசா. அறுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு. வேலை போனபின் அவருக்குப் போக்கிடம் இரண்டே: கோயில், இந்தத் திடல்.

அவருடைய சட்டைப்பையில் காற்றுத் திறக்கும் ஊசி இருந்தது.

“பந்துக்கும் விரதமே அங்கிள்? நல்லா மெலிஞ்சுபோச்சு!” என்றான் உடன் ஆடும் டினேஷ்.

பிரியந்தன் சிரிக்கவில்லை.

“நீங்களோ திறந்துவிட்டது?”

“ஓம் தம்பி.”

“எத்தினை நாளாய்?”

“இந்த சீசன் முழுக்க.”

“அப்ப நான் வெண்டதெல்லாம் கள்ள வெற்றியோ?”

“ரெண்டு பக்கமும் இதே பந்துதானே எறிஞ்சவை...”

“நியாயம் பேசாதையுங்கோ! ஏன் செய்தனீங்கள்? அதைச் சொல்லுங்கோ.”

தவராசா அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

“திருநீறு பூசின நெத்தியோடை பொய் வேலை! அப்பா இல்லாத எனக்கு உங்களைத்தான் பெரிசெண்டு நினைச்சிருந்தன். இனி இந்தத் திடல் பக்கம் வராதையுங்கோ.”

ஊசியை ஆட்டக்காரர் அமரும் வாங்கின் மேல் வைத்துவிட்டு, மழைத்தூறலில் டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தார் அவர். ஒருவரும் தடுக்கவில்லை.

அடுத்த போட்டிக்குப் பந்துகளில் பிரியந்தன் தானே காற்றடித்தான். பதின்மூன்று இறாத்தல், நடுவரே மெச்சினார்.

முதல் எறி பாதி வழியில் விழுந்தது. இரண்டாவது கையிலிருந்தே நழுவியது. மூன்றாவதை எதிரணி பிடித்தது.

“என்னடா, கையிலை சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்தனியோ?” என்று டினேஷ் கேட்டான்.

“மழையடா. பந்து வழுக்குது.”

அன்று மழை பெய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பிரியந்தன் பக்கத்து ஊரான டூட்டிங்கின் கோயிலுக்குப் போனான். பூசை முடிந்து ஐயர் தீர்த்தம் கொடுத்துவந்தார். தவராசாவின் மனைவி தவமலர் தனியே நின்றார்.

“அன்ரி, அங்கிள் வரேல்லையோ?”

“கோயிலுக்கும் வாறேல்லை. பொய்யனுக்குக் கோயில் என்னத்துக்கு எண்டு கேட்டார்.”

பிரியந்தன் தலைகுனிந்தான். அதற்குள் ஐயர் வந்துவிட்டார். வலக்கையைக் குவித்து நீட்டினான். உத்தரணியால் வார்த்த தீர்த்தம் உதட்டை அடையுமுன் விரலிடுக்கு வழியே ஒழுகித் தரையில் சிந்தியது. மூட முயன்றான்; சின்னவிரலும் அதற்கடுத்த விரலும் இணங்கவில்லை.

“மற்றக் கையைக் கீழே பிடியும், தம்பி” என்றார் தவமலர்.

“அது... கொஞ்சம் விறைப்பு, அன்ரி. குளிருக்கு.”

“ஆவணியிலை என்ன குளிர்? தைப்பொங்கலண்டே உம்மடை கையாலை தீர்த்தம் ஒழுகினதை இவர் கண்டவர். வீட்டை வந்து சோறும் தின்னேல்லை.”

“தீர்த்தம் சிந்தினதுக்கோ?”

“உம்மடை அப்பாவோடை ஒண்டாய்க் கோயிலுக்குப் போய்வந்த மனுசன் இவர். அப்பாவுக்கும் முதல் முதல் இப்பிடித்தான் தீர்த்தம் ஒழுகினது. பிறகு கை விழுந்தது, பிறகு கால். டொக்டர்மார் மருந்தே இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். நீர் அப்ப தொட்டில் பிள்ளை.”

பிரியந்தன் ஈரமான கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பந்து இறுக்கமாய் இருந்தால் பிள்ளைக்குத் தன்ரை கை தெரிஞ்சுபோகும், இந்தக் கோடை ஒண்டாவது தெரியாமல் எறியட்டும் எண்டுதான், தம்பி, அந்த மனுசன் காத்தைத் திறந்துவிட்டது.”