உபயகாரர் வீடு

சேலைக் கொய்யகத்தை மடிப்பதும் குலைப்பதுமாகக் கண்ணாடி முன் நின்றாள் பாலாம்பிகை.



அன்று கோயிலில் அவர்களுடைய திருவிழா. அன்றைய செலவை ஏற்ற உபயகாரர் என்ற முறையில் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று சங்கற்பம் செய்தல் வேண்டும். கோயில் மரியாதையான காளாஞ்சி வாங்குதல் வேண்டும். வந்தாரை முகமலர்ந்து வரவேற்றல் வேண்டும்.

அதே முற்பகலில், லாசாலில் உள்ள மலர்ச்சாலையில், பரராசசிங்கத்தின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள்.

பரராசசிங்கம் முன்பு ஒரு பனிக்காலம் இவ்வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தவன். துறைமுகத்துக் கொள்கலன் லொறி ஓட்டியவன். மணமாகி வந்த நாள் முதலாக, சாப்பிட்டாயிற்றா என்று அவளைக் கேட்ட ஒரே ஆண்மகன் அவன்தான்.

அந்தக் கேள்வி அப்பனிக்காலத்தில் அவ்விருவரையும் எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

பனி கரையுமுன் அவன் தானாகவே வீடு மாறிப் போனான். அதன்பின் மணம் செய்துகொள்ளவுமில்லை. காரணத்தை ஊர் தேடியது, அவள் தேடவில்லை.

அவன் இறந்த செய்தியை முதல்நாள் இராச் சாப்பாட்டின்போது சொன்னவர் அவள் கணவர் தியாகலிங்கமே. கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாத மனிதனாம், கோயில் நிருவாகந்தான் எவரையேனும் ஒழுங்குசெய்து கொடுக்க வேண்டுமாம் என்று, புட்டைக் குழைத்தபடியே சொன்னார்.

அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி விட்டாள்.

தியாகலிங்கம் கோயில் நிருவாக சபைத் தலைவர். ஒழுக்கத்தில் நெருப்பு. மேசைக் காலுக்கும் சீலை சுற்றச் சொல்லுவார் என்று கேலி பேசி, இளவட்டங்கள் அவருக்கு 'விக்டோரியா மகாராணி' என்று பட்டம் தெளித்திருந்தனர்.

அவர் அவளை அடித்ததில்லை; ஏசியதுமில்லை. மகள் வயிற்றில் இருந்தபோதே ஏதோ விரதம் என்று சொல்லித் தனி அறைக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை.

அதனை அவள் பக்தி என்றே எண்ணியிருந்தாள்.

விடிந்ததும் தலையிடி என்று சொல்லிப் பார்த்தாள். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். பெண்சாதி பக்கத்தில் இல்லாமல் சங்கற்பம் சொல்ல ஐயர் சம்மதிக்கமாட்டார் என்பதையும் நினைவூட்டினார்.

பூசை முடிந்து மெற்றோ பிடித்து ஓடினாலும் அங்கே அந்த முகம் இராது. ஒரேயொரு முறை பார்த்துவிட்டால் போதும். அதற்கு மேல் அவள் ஆசைப்படவில்லை. அதைக் கேட்பதற்கோ அவளுக்கு வாயில்லை.

மகள் தனுஷா பட்டுச் சேலையில் படியிறங்கி வந்தாள். ஆங்கில எழுத்தில் கைப்பேசியில் எழுதிவைத்த தேவாரத்தை முணுமுணுத்தாள். இடையிடையே, சேலையைக் கண்டுபிடித்தவனைப் பிடித்து மறியலில் போட வேண்டும் என்று பிரெஞ்சில் சலித்துக்கொண்டாள். பிறகு மாலைப் பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள்.

அவள் போன பக்கத்தைத் தியாகலிங்கம் சற்று நேரம் பார்த்து நின்றார். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"பிள்ளையை இறங்கச் சொல்லும். முப்பத்தொரு நாளைக்கு அவ கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. தேப்பன் செத்த துடக்கு."

குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. சபையில் விதியொன்றை வாசிப்பவர் போன்றே சொன்னார்.

பாலாம்பிகை எத்தனையோ கேட்டிருக்கலாம். எப்போது தெரியும் என்று கேட்டிருக்கலாம். ஏன் இத்தனை காலமும் வாய் திறக்கவில்லை என்று கேட்டிருக்கலாம். அவள் வாயோ வேறொன்றைக் கேட்டுவிட்டது.

"அப்ப எனக்கு?"

அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார்.

"உமக்கென்ன துடக்கு? உம்மடை மனிசன் நான் உயிரோடைதானே நிக்கிறன்."