பார்த்து வாங்க

படகிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் கலங்கரை விளக்கத்தின் பக்கம் போய்விட்டார்கள். ஞானசிகாமணி மட்டும் கேமராவுடன் பாறை விளிம்பில் குப்புறப் படுத்துக் கிடந்தார். அலகு நிறைய மீனோடு ஒரு பஃபின் பறவை வந்து இறங்குவதைப் படமெடுக்க வேண்டும். மனைவி இறந்தபின், மூன்று கோடைகளாக அதற்காகவே இந்த ஸ்காட்லாந்துத் தீவுக்குத் தனியாக வருகிறார்.

அன்று ஒன்று வந்தது. நாலடி தள்ளி இறங்கி, ஆரஞ்சுக் கால்களை அகட்டி நின்று அவரையே பார்த்தது. அலகின் இருபுறமும் மீன்கள் பளபளத்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து வாங்க, வழுக்குது” என்று பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

“சரி சரி” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

மழைக்கோட்டு அணிந்த இளம்பெண் ஒருத்தி, பாறையேறி வரும் கணவனுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டு இவரைப் பார்த்தாள்.

“ஐயோ, உங்களச் சொல்லலைங்க சார். தமிழா நீங்க?”

ஞானசிகாமணி தலையாட்டினார். பஃபின் அதற்குள் தன் வளைக்குள் போயிருந்தது.

“பரவால்லம்மா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.”

அவள் கணவன் மேலே ஏறி வந்த பிறகும், நீட்டிய கையை மடக்காமல் நின்றாள்.