கையுறை போட்ட கைகள்

பாவூர்சத்திரம் சந்தை வாசலில் சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. வரிசையில் நிற்கும் குட்டியானை லோடு வண்டியின் ஸ்டியரிங்கில் செல்போனைச் சாய்த்துவைத்து வேல்விழி கார் பந்தயம் பார்க்கிறாள். ஓட்டுகிறவரின் தலைக்கவசத்தில் பொருத்திய கேமரா எடுத்த படம் அது. கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகளும், எதிரே சீறி வருகிற பாதையும் மட்டுமே தெரிகின்றன. ஓட்டுவது ஆணா பெண்ணா என்று சொல்ல வழியில்லை. அதற்காகவே அவள் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதிக்கிறது. நிற்கிற வண்டியின் பின்விளக்கு சிவந்து சிவந்து அணைய, பின்னால் இருப்பவர் எரிச்சலில் ஹாரன் அடிக்கிறார்.

இரண்டு லாரிகளுக்கு நடுவே இடம் காலியாகிறது. தக்காளி இறக்க, வண்டியைப் பின்பக்கமாக நுழைக்க வேண்டும். தினமும் இந்த நேரத்தில்தான் சுமை இறக்குகிற உச்சிமாகாளி வந்து அவளைக் கீழே இறக்கிவிட்டு, தானே உட்கார்ந்து ஒதுக்குவார். நாலு பேர் நின்று சிரிப்பார்கள். இன்றும் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடுகிறார்.

"எறங்குட்டி. ரிவர்ஸெல்லாம் ஒனக்குச் சரிப்படாது. இடிச்சேன்னு வையி, லாரிக்காரன் சும்மா விடமாட்டான்."

செல்போனில் அந்தக் கைகள் சுவரை உரசாமல் ஒட்டி வளைகின்றன. வேல்விழி அதை அணைத்து மடியில் போடுகிறாள். இஞ்சின் உறுமுகிறது, ரிவர்ஸ் கியர் விழுகிறது. தக்காளிக் காம்பின் பச்சைக்கறை படிந்த அவள் கை கண்ணாடியை ஏற்றும் பிடியைச் சுற்றத் தொடங்குகிறது.

"கைய எடுங்க அண்ணாச்சி, கண்ணாடி ஏறுது."