சேவலார் மீது ஒரு புகார்

முதியோர் இல்லத்துக்குச் சேவலார் குடிவந்த மறுநாளே புகார் வந்தது.

"ஓய்வெடுக்கத்தானே எல்லாரும் இங்கே வந்திருக்கிறோம்? விடியற்காலையில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறீர்களே," என்றாள் அடுத்த அறை எருமையம்மா.

சேவலாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு ஊரையே எழுப்பிய தொண்டை அது. ஆனாலும் மறுநாள் அலகை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டு பேசாமல் படுத்துக்கிடந்தார்.

சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். எருமையம்மாவும் எதிர் அறைக் கழுதையாரும் பதறிப்போய் நின்றார்கள்.

"உடம்புக்கு என்ன?" என்றார் கழுதையார்.

"ஒன்றுமில்லையே. கூவக் கூடாது என்று இந்த அம்மாதான் சொன்னார்."

"சொன்னால் நிறுத்திவிடுவதா? இதோ கூவுவார், இதோ கூவுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தோம். பயந்தே போய்விட்டோம்."

சொல்லிவிட்டு எருமையம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நீங்கள் பாட்டுக்குத் தினமும் கூவுங்கள். நான் பாட்டுக்குத் தினமும் திட்டுகிறேன்."