ஆறாம் நாள் அடைக்கும் கடை

மூன்றாவது முறையும் ஆறாம் நாளே சரோஜத்தின் கடை படுத்துவிட்டது. கிழக்கேகோட்டையில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வேட்டி விற்கும் கடை அது பாட்டுக்குத் திறந்துதான் இருந்தது. படுத்தது, கடையின் உள்ளறைக் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண் ஜிஷா போட்டுக்கொடுத்த இன்டர்நெட் கடை.

முதலில் விண்டோஸில் போட்டாள். அப்புறம் உபுண்டு, அதற்கப்புறம் டெபியன். மூன்றும் கம்ப்யூட்டரை ஓட்டும் வேறு வேறு சிஸ்டம். மூன்றும் சொல்லிவைத்தாற்போல ஆறாம் நாள் படுத்தால் அது சாஃப்ட்வேர் கோளாறு இல்லை, யாரோ கை வைக்கிறார்கள் என்றான் மேனேஜர் அபிலாஷ்.

கம்பெனியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஏழு நாளுக்குள் புகார் வந்தால், போட்டுக்கொடுத்த அதே ஆள் நேரில் போய் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சரோஜத்துக்குப் புருஷன் இல்லை, மகன் துபாயில். பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டி அந்த அம்மாதான் அழிக்கிறாள் என்று அபிலாஷ் கணக்குப் போட்டுவிட்டான். இதுதான் கடைசி, இன்னொரு தரம் படுத்தால் கடையைக் கம்பெனி செர்வருக்கே மாற்றிவிடுவோம், அப்புறம் யாரும் அங்கே போக வேண்டியதில்லை என்று முடித்தான்.

ஜிஷா பஸ் ஏறினாள். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஹாஸ்டல் அறைத்தோழிக்கு ராத்திரி வேலை, இவள் உள்ளே வரும்போது அவள் வெளியே போய்க்கொண்டிருப்பாள். இந்த ஊரில் சாப்பிட்டியா என்று ஜிஷாவைக் கேட்கிற ஒரே ஆள் சரோஜம். இன்றோடு அதுவும் போயிற்று என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள்.

சரோஜம் சாவி போட்டு உள்ளறையைத் திறந்துவிட்டாள். கீபோர்டில் படிந்திருந்த தூசியை ஷாலால் துடைத்துவிட்டு ஜிஷா உட்கார்ந்தாள். இந்த முறை ஃபெடோரா என்ற சிஸ்டம். அது ஏறி முடிக்க நேரமாகும்.

அதற்குள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்துவிட்டன. பேன்ட்டோடு போய்க் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு ஹைதராபாத்காரர், வேட்டி வாங்கிக் கட்டத் தெரியாமல் கடையிலேயே அரைமணி நேரம் நின்ற கதையைச் சொல்லிச் சிரித்தாள் சரோஜம். பிறகு, கடை படுத்த அன்று பெங்களூரிலிருந்து வரவிருந்த நாற்பது வேட்டி ஆர்டர் கைவிட்டுப் போனதையும் சொன்னாள். ஜிஷா கையிலெடுத்த கிழங்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

இதுதான் கடைசி முறை என்பதை எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோது சரோஜமே ஆரம்பித்தாள்.

"காலையில உங்க மேனேஜர் சாரு போன் பண்ணினாரு. யாரு அழிக்கதுன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்கம்மா?"

"நான்தான்னு சொன்னேன். தனியா இருக்கேன்லா, பேச்சுக்கு ஆள் வேணும்னு செஞ்சு போட்டேன்னேன். அவரு கொஞ்ச நேரம் புத்தி சொன்னாரு, கேட்டுக்கிட்டேன்."

ஜிஷா கீபோர்டுப் பக்கம் திரும்பினாள். திரையில் கடை திறந்து, வேட்டிகள் வரிசையாக வந்து நின்றன. வழக்கமாகக் கடைசியில் தட்டும் அந்த ஆறாம் நாள் வரி மட்டும்தான் பாக்கி. விரல் கீபோர்டின் மேலேயே நின்றது.

சரோஜம் அவள் தட்டில் இன்னொரு அகப்பை மீன்கறி ஊற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான். கடையைக் கெடுக்காண்டாம் மக்களே, சும்மா வந்தா போதும்."