பேரிக்கு விளங்கிய பாஷை

“நாய் போகுது. இனித்தான் வீடு வீடாயிருக்கும்.”

காலையிலிருந்து தவராஜா இதையே பாடிக்கொண்டிருந்தார். சூரிச் விமான நிலையம் வந்தும் நிறுத்தவில்லை.

மகள் சிவானுஜாவுக்கு எரிச்சல். ஷாங்காயில் வேலை கிடைத்ததும் நாய் பேரியையும் கொண்டுபோவதென்று முடிவெடுத்தவள் அவள். சிப், விசர்நாய் ஊசி, இரத்தப் பரிசோதனை என்று தனியே அலைந்தாள். அப்பா ஒரு துரும்பை எடுத்துப் போடவில்லை.

“நான் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நீங்கள் ரெண்டுபேரும்தானே வீட்டிலை. ஒருநாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களோ, அப்பா?”

“நாயை நாயெண்டுதான் சொல்லலாம். பின்னை, டொக்டர் எண்டே சொல்லுறது?”

பேரியோ தன்னை ஏற்றும் பயணப் பெட்டியைக் கண்டதும் நாலு காலையும் பரப்பிப் படுத்துவிட்டது.

“ஹொப், பேரி. இனே!”

உள்ளே போகச் சொன்னாள் சிவானுஜா; குட்டியிலிருந்து கேட்ட சுவிஸ் ஜெர்மன்தான். அசையவில்லை. சீஸ் காட்டினாள். எழும்பிச் சீஸைத் தின்றுவிட்டு மறுபடி படுத்தது. வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கவுண்டர்ப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இப்போது பெட்டிக்குள் ஏறாவிட்டால் நாயை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள்.

சிவானுஜாவுக்குக் கண் கலங்கியது.

“விட்டிட்டுப் போ, பிள்ளை. எங்களோடை நிக்கட்டும்” என்றாள் அம்மா ஞானேஸ்வரி.

“அப்பாவோடையோ? பாவமம்மா அது.”

அம்மா கணவரைப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, நீங்கள் வாயைத் திறக்காட்டிச் சரி. அது நிண்டிடும்.”

தவராஜா நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பக்கத்தில் தமிழாக்கள் யாரும் நிற்கிறார்களோ என்று ஒருமுறை நோட்டம் விட்டார். முழங்காலை மடித்துக் குந்தி, பேரியின் காதுக்குள் சொன்னார்:

“ராசா, எழும்புங்கோ. உள்ளை போங்கோ. அக்கா தனியப் போறாவெல்லே, நீங்கள்தானே அவவுக்குத் துணை.”

பேரி எழும்பி, உடம்பை ஒரு உதறு உதறி, நல்ல பிள்ளையாய்ப் பெட்டிக்குள் போய் இருந்தது.

சிவானுஜா வாயைப் பிளந்தபடி நின்றாள். இத்தனை காலமும் அந்த வீட்டில் தான் ஒரே பிள்ளை என்றல்லவா நினைத்திருந்தாள்.